'முழம்' வாக்கியத்தில் இடறுகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பகலில் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் தமிழ் வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இரண்டு இடத்திலும் ஒரே சொல் அடிக்கடி பழுதாகி வருகிறது: முழம். ஜவுளிக்கடை நோட்டீஸில் ஒரு விதமாக, சரித்திரக் கதையில் ஒரு விதமாக, "சொற்றொடரில் அமைத்து எழுதுக" கேள்வியில் இன்னொரு விதமாக. பழுது வேறு வேறாக இருந்தாலும் திருத்தும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் வாக்கியத்தில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், தலைவலி பிடித்த காரணம் கடைசியில்.

## அறிகுறி 1: எழுத்தே கண்ணை உறுத்துகிறது

"இரண்டு மூலம் மல்லி வேண்டும்" என்று வந்திருக்கிறதா?

குரல்வழித் தட்டச்சின் வேலை. அவசரத்தில் நாக்கு மடங்காமல் சொன்னால் கைபேசி 'மூலம்' என்றே எடுத்துக்கொள்கிறது. மூலம் வைத்தியரிடம் போகிற சங்கதி, பூக்காரரிடம் கேட்பது அல்ல. தட்டச்சில் 'முளம்', 'முலம்' என்றும் விழும். கோப்பு முழுவதும் இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள். ஆனால் 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானை மட்டும் தொடாதீர்கள். 'அதன் மூலம்', 'மூலப் பத்திரம்' எல்லாம் முழமாகிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

"எட்டு முழு வேட்டி" என்று இருக்கிறதா?

என் கையைவிட்டு நழுவிப் போன பிழை இது. ஒரு ஜவுளிக்கடையின் பொங்கல் நோட்டீஸ். துணி ரகம், விலை, கடைத் தொலைபேசி எண் எல்லாவற்றையும் மூன்று தடவை பார்த்தேன். தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் "எட்டு முழு வேட்டி" என்று நின்றதைப் பார்க்கவில்லை. 'முழு' என்பதும் நல்ல தமிழ்ச் சொல்தானே, கண் தாண்டிப் போய்விட்டது. பிழைதிருத்தியும் சிவப்புக் கோடு போடாது. கடைக்காரர் நோட்டீஸைத் திருப்பிப் பிடித்து, "மீதி அரை வேட்டியை வேற கடையில வாங்கணுமா சார்?" என்று கேட்டார். ஒட்டுச்சீட்டு அடித்து உட்கார்ந்து ஒட்டினோம்.

எதிர்ப்பக்கத்திலும் இது நடக்கும். 'முழுநீளப் படம்' என்பது 'முழநீளப் படம்' ஆகிவிட்டால் ஒன்றரை அடிப் படம் என்று அர்த்தம். சோதனை எளிது. அந்த இடத்தில் 'முழுசு' என்று சொல்லிப் பாருங்கள், பொருந்தினால் 'முழு'. முன்னால் ஓர் எண் நின்று, பின்னால் துணியோ பூவோ கயிறோ வந்தால் பெரும்பாலும் 'முழ'.

முழங்கை, முழங்கால் பிரிந்து கிடக்கிறதா?

'முழம் கால் வலிக்கிறது' என்று எழுதினால் கால் வலி போய்க் கால் முழத்துக்கு வலி வந்துவிடும். 'கால்' என்பது நாலில் ஒரு பங்குக்கும் பெயர் என்பதை மறக்க வேண்டாம். உடல் உறுப்பு என்றால் ஒரே சொல்: முழங்கால், முழங்கை. அளவு என்றால் பின்னம் முன்னால் வரும்: கால் முழம், அரை முழம், முக்கால் முழம், ஒன்றரை முழம்.

## அறிகுறி 2: எழுத்து சரி, வாய்விட்டுப் படித்தால் தட்டுகிறது

எண்ணுக்குப் பின்னால் 'முழங்கள்'

"அம்மா பத்து முழங்கள் பூ வாங்கினாள்." இலக்கணம் தப்பு என்று சொல்லமாட்டேன், காதுதான் ஒத்துக்கொள்ளாது. பத்து ரூபாய், பத்து படி, பத்து முழம். எண்ணே பன்மையைச் சொல்லிவிடுவதால் அளவைப் பெயருக்குக் 'கள்' தேவையில்லை. வினையும் ஒருமையில் நிற்கும்: "நாலு முழம் போதும்", "இன்னும் இரண்டு முழம் இருக்கிறது". முழ வகைகளையே எண்ணும்போது மட்டும் 'முழங்கள்' இயல்பு: "கை முழம், தச்சு முழம் என்று முழங்கள் பலவகை." அங்கேயும் ஒரு கண் வையுங்கள், விரல் வழுக்கினால் 'முழங்கல்' ஆகி இடி இடித்துவிடும்.

முழமை, முழமுக்கு, முழமில்

மரத்தைப் போட்டுப் பாருங்கள். மரத்தை, மரத்துக்கு, மரத்தில். அப்படியே முழத்தை, முழத்துக்கு, முழத்தில். வெளியூரில் வளர்ந்து தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரி போதும், விதியெல்லாம் சொல்லி மிரட்ட வேண்டாம். சேர்ந்து வரும் 'உம்' தவறு இல்லை: "ஆறு முழமும் ஒரு சாணும்". அங்கே 'முழத்தும்' என்று மாற்றிவிடாதீர்கள், சிலர் ஆர்வத்தில் மாற்றிவிடுகிறார்கள்.

'நாலு முழம்' என்றா, 'நாலு முழ' என்றா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். நல்ல எழுத்தாளர்களே இங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பொருளின் வகையைச் சொல்கிறீர்கள் என்றால் 'முழ'. எட்டு முழ வேட்டி என்பது ஒரு ரகம். கடையில் அதற்குத் தனி அடுக்கே உண்டு. பின்னால் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: நாலு முழத் துணி, மூன்று முழக் கயிறு. மரப்பெட்டி, மரக்கதவு மாதிரிதான்.

எவ்வளவு வாங்கினோம் என்று சொல்கிறீர்கள் என்றால் 'முழம்': நாலு முழம் பூ, நாலு முழம் துணி கிழித்துக் கொடுத்தார். "நாலு முழப் பூ" என்று எழுதினால் ஒற்றைப் பூவே நாலு முழத்துக்கு நீண்டிருப்பதாகத் தோன்றும். சந்தேகம் வந்தால் அளவைத் தூக்கிக் கடைசியில் போட்டுப் பாருங்கள். "பூ நாலு முழம் வாங்கினேன்" என்று இயல்பாக வருகிறதா? அப்படியானால் 'முழம்'. "வேட்டி எட்டு முழம் கட்டினார்" என்று திருப்பினால் இடிக்கிறதா? அப்படியானால் 'முழ'.

இரண்டு எண்கள் மோதுகின்றன

"இரண்டு எட்டு முழ வேட்டி எடுத்தார்." படிப்பவர் இரண்டா, எட்டா, பதினாறா என்று நின்றுவிடுவார். நடுவில் காற்புள்ளி போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். எண்ணிக்கையைப் பின்னால் தள்ளுங்கள்: "எட்டு முழ வேட்டி இரண்டு எடுத்தார்." முடிந்தது.

'இரண்டு மொழம்'

பாதி ஏட்டிலிருந்து, பாதி வாயிலிருந்து. பேச்சு என்றால் முழுக்கப் பேச்சாக இருக்கட்டும்: "ரெண்டு மொழம் குடுங்கக்கா." கதை சொல்பவர் குரல் என்றால் 'இரண்டு முழம்'. 'ஓர் முழம்' என்று வந்தால் 'ஒரு முழம்' ஆக்குங்கள். உயிரெழுத்துக்கு முன்னால்தான் 'ஓர்'.

இந்த அறிகுறிக்கு வெளியாள் தேவைப்படுவது ஓரிடத்தில்தான். மும்முழம், இருமுழம் என்று எண்ணைச் சொல்லோடு புணர்த்திச் செய்யுளில் எழுதுகிறீர்கள், சீர் தட்டுகிறது என்றால் யாப்பு தெரிந்த தமிழாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். உரைநடையில் அந்த வேலையே வேண்டாம், 'மூன்று முழம்' என்று போட்டுக்கொண்டு போகலாம்.

## அறிகுறி 3: பிழை எதுவும் இல்லை, ஆனால் இப்படி யாரும் சொல்லமாட்டார்கள்

"முழம் என்பது ஒரு பழங்கால நீட்டல் அளவை ஆகும்." வீட்டுப்பாடத்தில் நான் அதிகம் பார்க்கும் விடை. மதிப்பெண் கிடைக்கலாம், ஆனால் சொல்லை வாக்கியத்தில் அமைக்கவில்லை, அகராதியிலிருந்து பெயர்த்து வைத்திருக்கிறது. இதை எழுதிய பிள்ளைக்கு நான் விளக்கம் எதுவும் சொல்வதில்லை. பேருந்து நிறுத்தத்துப் பூக்கார அம்மாவிடம் அனுப்பி, ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.

அங்கே நடப்பது இவ்வளவுதான். சரத்தின் நுனியை நடுவிரல் நுனியில் பிடித்துக்கொண்டு, மறுகையால் சரத்தை முழங்கை வரைக்கும் இழுப்பார். முழங்கையில் ஒரு மடி, மறுபடியும் விரல் நுனி. உதடு மட்டும் அசையும்: "ஒண்ணு, ரெண்டு." வாங்க வந்தவர் கண் பூவில் இருக்காது, அந்த விரலில்தான் இருக்கும். விரல் கொஞ்சம் மடங்கினால் போதும், "கையை நல்லா நீட்டிப் போடுங்கக்கா" என்பார். அக்காவும் விடமாட்டார்: "என் கை இவ்ளோதாம்மா, ஒங்க கையில வேணா போட்டுக்குங்க." கடைசியில் நாலு பூ கொசுறாக வந்து சேரும்.

இதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை எழுதும் வாக்கியமே வேறாக இருக்கும். முழம் என்ற சொல்லோடு எந்த வினை சேரும் என்று அதற்குத் தெரிந்துவிடும். முழம் *போடுவார்கள்*. "அக்கா முழம் போட்டுக் கொடுத்தார்." விலை கேட்பது "முழம் எவ்வளவு?" என்று. "ஒரு முழத்தின் விலை என்ன?" என்று கேட்டால் பூக்கார அம்மா நிமிர்ந்து பார்ப்பார். "முழத்துக்கு ஐந்து ரூபாய் குறைத்தார்", "கயிற்றை முழம் முழமாக அளந்து நறுக்கினார்", "அரை முழமாவது வைத்துக்கொள்" இவையெல்லாம் நடமாடும் வாக்கியங்கள். பழங்கால அளவு என்று பாடப்புத்தகத்துக்கு வெளியே யாரும் நினைப்பதில்லை. மீட்டர் வந்து எத்தனையோ காலமாகியும் பூவும் வேட்டியும் முழத்தை விடவில்லை.

எதை அளக்கிறீர்கள் என்று பாருங்கள்

"பேருந்து நிலையம் இங்கிருந்து நூறு முழம்." மாட்டாது. கையை மடக்கி நீட்டி அளக்கக்கூடியது எதுவோ அதற்குத்தான் முழம்: பூ, துணி, கயிறு, பாய். நடக்கிற தூரத்துக்குக் கூப்பிடு தூரம் இருக்கிறது, பழைய கதை என்றால் காதம் இருக்கிறது. ஆளின் உயரத்துக்கு இப்போது அடிதான். சரித்திரக் கதையில் "பத்து முழ உயர மதில்" தாராளமாக வரலாம், அங்கே 'நாலரை மீட்டர்' என்று போட்டால்தான் வம்பு.

கயிறு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. "ஒரு முழம் கயிறு வாங்கினான்" என்று மொட்டையாக எழுதினால் படிப்பவர் மனம் வேறு எங்கோ போய்விடும். கன்றுக்குட்டி கட்டத்தான் வாங்குகிறான் என்றால் கன்றுக்குட்டியை முன்னாலேயே கொண்டுவந்துவிடுங்கள்.

எழுதும் இடம் பில்லா, டெண்டரா?

அங்கே முழம் வேண்டாம். 2009ஆம் ஆண்டின் சட்ட அளவியல் சட்டப்படி வணிகத்தில் அளவு குறிப்பிடத் தரப்படுத்திய அலகுதான் வேண்டும். வேட்டி அட்டையில் மீட்டர் கணக்கு அச்சாகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நோட்டீஸில் 'எட்டு முழ வேட்டி' என்று ரகப் பெயராக வைத்துக்கொண்டு, நீளத்தை மீட்டரில் தருவது வழக்கம். ஆனால் "3 முழம் 20 செ.மீ." என்று இரண்டையும் குழைத்து ஒரு வடிவமைப்பாளர் அனுப்பியிருந்தார். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள்.

## அறிகுறி 4: பழமொழி தலைகீழாகப் படுகிறது

"முழம் ஏறினால் சாண் சறுக்குது"

அப்படிச் சறுக்கினால் சந்தோஷப்பட வேண்டியதுதான். இரண்டு சாண் ஒரு முழம், ஏறியதில் பாதி மிச்சம். புலம்பல் வாக்கியம் வேண்டுமென்றால் "சாண் ஏறினால் முழம் சறுக்குது". எது பெரியது என்ற வரிசை தெரிந்தால் இந்தப் பிழை வராது: 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம், 4 முழம் ஒரு கோல்.

"வெறுங்கை முழம் போடுமா" எங்கே?

கையில் காசோ பொருளோ இல்லாமல் காரியம் ஆகாது என்னும் இடத்தில். "முதலே இல்லாமல் கடை வைக்கிறேன் என்கிறான், வெறுங்கை முழம் போடுமா?" சரி. "அவன் சோம்பேறி, வெறுங்கை முழம் போடுமா?" இடம் மாறிவிட்டது. கை இருக்கிறது, கையில் சரம் இல்லை என்பதுதான் அந்தப் பேச்சின் குறும்பு. பூக்கார அம்மாவை ஒருமுறை பார்த்தவருக்கு விளக்கம் வேண்டியிருக்காது.

"தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?"

இதில் வரிசை மாறினாலும் பொருள் கெடாது. எல்லை மீறிய பிறகு கொஞ்சம் கூடினால் என்ன என்னும் அலுப்பு. சின்னக் கஷ்டத்துக்கு எடுத்துப் போட்டால்தான் பொருந்தாது.

"உண்பது நாழி, உடுப்பது…" அப்புறம்?

இங்கே இரண்டு பாட்டு குழம்புகிறது. "உண்பது நாழி உடுப்பவை இரண்டே" புறநானூறு 189, நக்கீரர் பாடியது. அதில் முழமே கிடையாது, இரண்டு ஆடைதான் கணக்கு. "உண்பது நாழி உடுப்பது நான்கு முழம்" ஔவையாரின் நல்வழி. மேடைப் பேச்சுக் குறிப்புகளில் நக்கீரர் பெயரைப் போட்டு நான்கு முழத்தை எழுதி அனுப்புகிறார்கள். முழம் வந்தால் ஔவையார் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்சாண் உடம்பை 'எட்டு முழ உடம்பு' என்று எழுதியதையும் திருத்தியிருக்கிறேன். எட்டு முழம் பன்னிரண்டு அடி! அவரவர் கையால் எட்டுச் சாண், அதாவது நான்கு முழம். ஔவையார் உடுக்கக் கொடுத்ததும் அதே நான்கு முழம்தான்.

## அறிகுறி 5: வாக்கியம் நன்றாக இருக்கிறது, கணக்கு இடிக்கிறது

முதலில் கஜமா, முழமா என்று பாருங்கள்

"பாட்டி ஒன்பது முழப் புடவை கட்டியிருந்தாள்." பாட்டிக்கு அது பாதிதான் காணும். புடவை ஒன்பது *கஜம்*. ஒரு கஜம் இரண்டு முழம் என்பதால் பதினெட்டு முழம், எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். குழப்பத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பஞ்சகச்சத்துக்கு வாங்கும் 'ஒன்பது ஐந்து' என்ற ஜோடியில் வேட்டி ஒன்பது *முழம்*, மேல் வஸ்திரம் ஐந்து முழம். ஒரே கல்யாண வீட்டில் இரண்டு ஒன்பதும் நடமாடும். புடவை என்றால் கஜம், வேட்டி என்றால் முழம்.

அடுத்து, மீட்டராக மாற்றியது சரியா?

சாதாரணக் கை முழம் ஒன்றரை அடி, 18 இஞ்ச், ஏறத்தாழ 46 செ.மீ. எட்டு முழம் சுமார் 3.6 மீட்டர், நாலு முழம் 1.8. கதையிலோ கட்டுரையிலோ "45.72 செ.மீ. பூ வாங்கினாள்" என்கிற அளவுக்கு இறங்காதீர்கள். கைக்குக் கை மாறுகிற அளவுக்குத் தசமப் புள்ளி எதற்கு?

எந்த ஊர் முழம்?

மொழிபெயர்ப்பில் வரும் சிக்கல். விவிலியத் தமிழில் நோவாவின் பேழை 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம். அங்கே முழம் என்பதே பழகிய சொல், அப்படியே விடுங்கள். எகிப்து பற்றிய கட்டுரையில் அரச முழம் வந்தால் அது ஏழு உள்ளங்கை அகலம், 28 விரல், ஏறத்தாழ 52 செ.மீ. நம் 46-ஐக் கொண்டு பிரமிடின் உயரத்தைப் பெருக்கினால் உச்சியே காணாமல் போகும். முதல் முறை வருமிடத்தில் 'எகிப்திய அரச முழம்' என்று முழுப் பெயரும் போட்டுவிடுங்கள்.

தச்சு முழம்

இதுதான் விலை கூடிய பிழை. கோயில் வேலை, தேர், பழைய மரவீடு பற்றிய எழுத்தில் 'முழம்' என்று மட்டும் இருந்தால் நிறுத்துங்கள். தச்சு முழம் 33 இஞ்ச் கணக்கு. 24 தச்சு விரல் சேர்ந்தது, ஒவ்வொரு விரலும் ஒன்றே காலே அரைக்கால், அதாவது 1.375 இஞ்ச். கை முழத்தைவிட அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு தூணை "ஆறு முழம், அதாவது ஒன்பது அடி" என்று எழுதிக் கொடுத்தவரிடம் எந்த முழம் என்று கேட்டேன். "முழம்னா முழம்தானே?" என்றார். தச்சு முழமென்றால் அது பதினாறரை அடி. தூணை நேரில் போய்ப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பார்க்க முடியாத தூணென்றால் அடைப்புக்குறிக்குள் அடிக்கணக்கு கொடுக்காமல், மூலத்தில் உள்ளபடி முழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேலை நடக்கப்போகிற வரைபடம் என்றால் நீங்களோ நானோ கை வைக்கவே கூடாது, ஸ்தபதியிடம் போக வேண்டும்.

கல்வெட்டும் பத்திரமும்

சோழர் கல்வெட்டுகளில் நிலத்தைப் பதினாறு சாண் கோலால் அளந்த செய்தி வரும். மேலே சொன்ன நாலு முழக் கோல் எட்டுச் சாண்தான். ஆக, வாய்ப்பாட்டுக் கோலை எடுத்துக் கல்வெட்டுக் கோலைப் பெருக்கினால் நீளம் பாதியாகும், பரப்பு காலாகும். கல்வெட்டு படிப்பவர் ஒருவரைக் கேட்காமல் ஏக்கர் கணக்கு எழுதாதீர்கள்.

பாட்டன் காலத்துப் பத்திரத்தில் "வடக்கே முழம் இத்தனை" என்று இருந்து, அதை இன்றைய தமிழில் எழுதித் தரச் சொன்னால் நான் ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே படியெடுத்துக் கொடுத்துவிடுவேன். 'முழம்' என்ற இடத்தில் 'ஒன்றரை அடி' என்று நல்லெண்ணத்தில் எழுதினால் பக்கத்து வீட்டுக்காரரின் சுவர் நகர்ந்துவிடும். மாற்றுக் கணக்கு வேண்டுமென்றால் முதலில் சர்வேயர் வந்து சங்கிலி பிடிக்கட்டும், பிறகு பத்திர எழுத்தர் எழுதட்டும். மெய்ப்புக்கு அதற்குப் பிறகு கொண்டுவாருங்கள்.